பதினைந்து என்றால் இருபது

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் வயிறு எப்படி இருக்கிறது? ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்தாயா, இல்லை குறைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாயா?

எதற்குக் கடிதம் என்று கேட்காதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை பாதியில் வைத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் பம்பு கம்பெனியில் உற்பத்தியைத் திட்டமிட ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வாங்கப் போகிறார்கள். எதை வாங்குவது என்று முடிவு பண்ணுகிற வேலையை முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். பதினாறு வருஷமாகப் பிளானிங் பார்க்கிறவள் நான்தானே. இத்தனை நாளும் என் சிஸ்டம் ஒரு மரப் பலகை. நான்கு வரிசை ஆணி, ஆணிக்கு ஒரு ஆர்டர் அட்டை, அவசரம் என்றால் சிவப்பு அட்டை. இப்போது பலகையில் சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. "எல்லாமே அவசரம்னா எதும்மா அவசரம்?" என்று முதலாளி கேட்டார்.

மூன்று பேர் வந்து தங்கள் சரக்கைக் காட்டிவிட்டுப் போனார்கள். முதலாவது பெரிய கம்பெனி, கோட்டுக்காரர்கள், கம்ப்யூட்டரில் நூற்றைம்பது திரை காட்டினார்கள். இரண்டாவது சின்ன கம்பெனி, கண்ணாடி போட்ட ஒரு பெண் மட்டும் வந்தாள். மூன்றாவது, முதலாளியின் மைத்துனர் மகன் தானே உட்கார்ந்து எழுதியது. எனக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. நீ ஏழு தொழிற்சாலையில் இதே வேலையைச் செய்தவன். எதைப் பார்த்து எடுப்பது என்று எழுது.

சும்மா கேட்கவில்லை. கோடையில் குடிநீர் நிலையத்துக்குப் பன்னிரண்டு பம்பு கொடுக்க வேண்டும். போன வருஷம் தாமதமாகக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். "இந்தத் தடவை தேதி தப்பினா பிளானிங்லயோ மெஷின் ஷாப்லயோ ஒரு தலை மாறும்" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பிளானிங் நான். மெஷின் ஷாப் ஃபோர்மேன் உன் மாமா. எது மாறினாலும் எங்கள் வீட்டுத் தலைதான்.

எப்போது வருகிறாய்? அடுத்த மாதம் என்று மட்டும் எழுதாதே.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, குறுக்கே பேச முடியாமல் இரண்டு நாள் தவித்தேன். வயிறு பரவாயில்லை. முழங்காலோடு மெஷின் ஷாப் படிகளை நாளுக்குப் பத்துத் தடவை ஏறி இறங்காதே. மாமா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

நீ திரைகளை எண்ணாதே. எல்லாருடைய திரையும் அழகாகத்தான் இருக்கும், கல்யாண போட்டோ மாதிரி. முதலில் உன் தொழிற்சாலையைப் பார். எல்லா வேலையும் எங்கே போய் வரிசையில் நிற்கிறது? நான் வந்திருந்தபோது பார்த்தேன், அந்தக் கிரைண்டிங் மெஷின் முன்னால்தான். மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேள். காலை பத்து மணிக்கு அந்த மெஷின் நின்றுபோனால், பதினோரு மணிக்கு உங்கள் திரை என்ன சொல்லும்? யார் நெளியாமல் பதில் சொல்கிறார்களோ அவர்களை எடு.

இதை எழுதும்போதே பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. நாளை எட்டாவது தொழிற்சாலை, புது ஊர். பின்பக்கம் புது விலாசம் எழுதியிருக்கிறேன். மார்ச்சில் நிச்சயம் வருகிறேன்.

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாத்திரை போடுகிறார், நான் எடுத்துக் கையில் வைத்தால்.

கேட்டேனடா. கோட்டுக்காரர் சிரித்தார். "அது ரொம்ப அபூர்வமா நடக்கிற விஷயம் மேடம்" என்றார். இங்கே வாரம் இரண்டு தடவை நடக்கிறது. மைத்துனர் மகன், "மெஷின் ஏன் நிக்கணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டான். கண்ணாடிப் பெண் மட்டும் நெளியாமல் பதில் சொன்னாள். "ஒண்ணும் சொல்லாது மேடம். நின்னுபோச்சுன்னு நீங்க சொன்னாத்தான் அதுக்குத் தெரியும். சொல்லிட்டீங்கன்னா, எந்த ஆர்டர் எத்தனை நாள் தள்ளிப்போகும்னு அது உங்களுக்குச் சொல்லும்." அவளுடையதைத்தான் எடுத்திருக்கிறோம். முதலாளி வீட்டில் இரண்டு நாள் யாரும் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

இப்போது இருப்பு எண்ணுகிறோம். ஸ்டோர்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், எல்லோரும் 'பூட்டு' என்று கூப்பிடுவோமே அவர்தான். பேரேட்டில் பேரிங் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தார். அவருடைய தனி அலமாரியைத் திறக்க வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரிங். "அவசரத்துக்குன்னு வச்சிருந்தேன்" என்கிறார். போன மாதம் பேரிங் இல்லாமல் அசெம்ப்ளி நான்கு நாள் நின்றதே, அது அவசரம் இல்லையா என்று கேட்டேன். "அதைவிடப் பெரிய அவசரம் வந்தா?" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா


பிப்ரவரி 23

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பூட்டைத் திட்டாதே. எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரு பூட்டு உண்டு. பேரிங்கை ஒளித்தால் அலமாரியைத் திறந்து கண்டுபிடித்துவிடலாம். நாட்களை ஒளித்தால்தான் கஷ்டம். இரண்டு நாள் வேலையை நான்கு நாள் என்பார்கள், அடுத்த பகுதிக்காரர் அதன் மேல் இன்னும் இரண்டைப் போடுவார். அத்தனையையும் அப்படியே ஏற்றினால், மூன்று வாரத்தில் செய்கிற பம்புக்கு மூன்று மாதம் ஆகும் என்று சிஸ்டம் சத்தியம் பண்ணும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் கொடு. எந்த வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் என்று அவர்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்.

அது இருக்கட்டும். நீ எதை ஒளித்து வைத்திருக்கிறாய்?

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

சுகம். உன் கடைசி வரியைப் படித்துவிட்டு எரிச்சலில் கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தேன். பத்து நாள் ஆயிற்று. அங்கே வைத்தும் அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

ஐந்து நாள். இருபதாம் தேதி வேண்டும் என்றால் மெஷின் ஷாப்புக்குப் பதினைந்து என்று அட்டை எழுதுவேன். பதினாறு வருஷமாக ஒரு அட்டைகூட உண்மைத் தேதியோடு கீழே போனதில்லை. அந்த ஐந்து நாள் இல்லாவிட்டால் இந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பம்பும் நேரத்துக்கு வெளியே போயிருக்காது. யாருக்கும் தெரியாது, உன் மாமாவுக்கும்கூட.

நீ நினைப்பது புரிகிறது. புருஷன் பெண்டாட்டி, ஒரே கம்பெனி, ஒரே பஸ், இது கூடவா தெரியாது? எங்கள் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியாதே. கல்யாணமான முதல் இரண்டு வருஷம் தினமும் சாப்பிடும்போது ஷாஃப்டுக்கும் கிரைண்டிங்குக்கும் சண்டை. ஒருநாள் வாசலில் நின்றுகொண்டு அவர் சொன்னார், "செருப்பைக் கழட்டறப்பவே ஃபேக்டரியையும் கழட்டிடுவோம்." அன்றோடு சரி. பதினான்கு வருஷமாக வீட்டுக்குள் ஃபேக்டரி பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நிம்மதியாகத்தான் இருந்தோம்.

அவர் மட்டும் என்ன? ஒன்பது நாள் என்று சொன்னால் அது ஆறு நாள் வேலைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த ஐந்தை என்ன செய்வது?

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், பூசு. நான் நலம்.

எடுத்துவிடு. யோசிக்காதே. சிஸ்டத்துக்குள் ஒரு பொய்த் தேதி போனாலும் மற்ற எல்லாத் தேதியும் அதை நம்பிக் கெட்டுப்போகும். ஒவ்வொரு இடத்திலும் இதைத்தான் சொல்கிறேன். தொடங்குகிற அன்றைக்குக் கூட்டம் போட்டு, இனிமேல் அட்டையில் இருப்பதுதான் தேதி என்று அறிவித்துவிடு. தனித்தனியாகப் போய் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை, மாமாவுக்கும்தான். பதினான்கு வருஷத்துச் சட்டத்தை ஒரு கம்ப்யூட்டருக்காக ஏன் உடைக்கிறாய்?

மார்ச்சில் வர முடியவில்லை. இங்கே வேலை இழுக்கிறது. ஏப்ரலில் கட்டாயம்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

சுகம். தைலம் நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலி குறைந்திருக்கிறது.

முந்தாநாள் தொடங்கிவிட்டோம். பலகையைக் கழற்றி ஸ்டோரில் வைத்தாயிற்று. அது இருந்த சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. பழக்கத்தில் நாளைக்கு நாலு தடவை அந்த வெள்ளையை அண்ணாந்து பார்க்கிறேன்.

கூட்டத்தில் கண்ணாடிப் பெண் நன்றாகப் பேசினாள். "அட்டையில என்ன தேதியோ அதுதான் தேதி. கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம்" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் மாமா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவரும் தலையாட்டினார். எல்லாப் பகுதியின் படிவமும் வந்துவிட்டது. ஒரு தடவை சரிபார்த்து நானே ஏற்றினேன்.

குடிநீர் நிலையத்துப் பம்புகளுக்கான பன்னிரண்டு ஷாஃப்டும், அதாவது சுழலும் தண்டுகள், பன்னிரண்டாம் தேதி மெஷின் ஷாப்புக்குப் போகும். பதினைந்தாம் தேதி அசெம்ப்ளிக்கு வர வேண்டும். என் வாழ்க்கையில் முதல்முதலாக உண்மைத் தேதி போட்ட அட்டை. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து கீழே லேத் வரிசை தெரியும். இப்போதே எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

ஏப்ரல் என்று எழுதியிருக்கிறாய். ஏப்ரல் வந்துவிட்டது.

அக்கா


மே 8

அன்புள்ள அக்கா,

ஏப்ரல் பதினெட்டாம் தேதி ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. போன் பண்ணினேன், மாமா எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முழங்காலா? மாமாவுக்குப் பிரஷரா?

பன்னிரண்டு பம்பும் போய்விட்டதா? நல்லபடியாகத்தான் போயிருக்கும். ஒரு வரி போதும். திட்டியாவது எழுது.

நான் வராததற்குக் கோபமா? இங்கே தொடங்குகிற நாள் இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. ஜூனில் பார்க்கலாம்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று ஏன் எழுதுகிறேன் என்பதைக் கீழே படி.

பன்னிரண்டாம் தேதி ஷாஃப்டுகள் மெஷின் ஷாப்புக்குப் போயின. ரேக்கில் கிடந்தன. பதின்மூன்று, பதினான்கு, ஜன்னலிலிருந்து பார்த்தேன், அப்படியே கிடந்தன. முன்பென்றால் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். சிஸ்டம் இருக்கிறதே, உன் மாமாவும் தேதி தெரிந்தவர்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினைந்தாம் தேதி காலை கீழே இறங்கினேன். அப்போதுதான் முதல் ஷாஃப்டை லேத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குத்தான் ஏத்துறீங்களா?"

"நாள் இருக்கே" என்றார்.

"எங்க இருக்கு? இன்னைக்குத்தான் பதினஞ்சு."

பக்கத்தில் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் பதினஞ்சுன்னா இருபதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் எப்படி நேரத்துக்குக் கொடுத்தேன்னு நினைச்சே?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே. என் ஐந்தைக் கூட்டித்தான் வேலையே செய்திருக்கிறார். நான் லேத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இது நிஜப் பதினஞ்சுங்க" என்றேன். அவர் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை. "சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். "கூட்டத்துல சொன்னாங்களே" என்றேன். "நீ சொன்னியா?"

இருபதாம் தேதி மாலை பன்னிரண்டும் முடிந்தன. பம்புகள் ஐந்து நாள் தாமதமாகப் போயின. அந்த வெயிலில் குடிநீர் நிலையத்தில் ஐந்து நாள் லாரியில் தண்ணீர் கொடுத்தார்களாம். முதலாளியைப் போனில் கிழித்துவிட்டார்கள்.

சிஸ்டத்தில் தாமதமான ஆர்டரை மூட வேண்டுமென்றால் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். 'தாமதத்துக்குப் பொறுப்பு.' வெறுமையாக விட்டால் அது வாங்காது. முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கோபம், தம்பி. ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், அதை என் புருஷன் நம்பவில்லை. 'மெஷின் ஷாப்' என்று அடித்தேன்.

ஒரு வாரத்தில் அவரை இரண்டாவது யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கே ஃபோர்மேன் இல்லை, செக்கிங். பெட்டி கட்டும்போதுகூட ஃபேக்டரி பற்றி ஒன்றும் பேசவில்லை. வீட்டுச் சட்டம். "மாத்திரை எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

முதலாளி கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். "சொந்தப் புருஷன்னும் பாக்காம நேர்மையா எழுதினாங்க" என்றார். கை தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு அந்த அறையில் உட்காரவே முடியவில்லை.

அவருடைய விலாசம் கீழே. உனக்கு எழுதுவார் என்றால் எழுதட்டும்.

அக்கா


ஜூன் 4

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நலம். அறை சின்னது, மின்விசிறி சத்தம் போடுகிறது, மற்றபடி குறை இல்லை. மாத்திரை போடுகிறேன். உங்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் ஏன் நம்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

உண்மையில் எத்தனை நாள் என்று எழுதச் சொல்லிப் படிவம் வந்தது. பன்னிரண்டு ஷாஃப்டுக்கு ஆறு நாள். வழக்கமாக ஒன்பது என்று சொல்வேன். இந்தத் தடவை ஆறு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் நேராக இருக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அட்டை அச்சாகி வந்தது. அதில் மெஷின் ஷாப் நான்கு நாள் என்று இருந்தது.

நான் கொடுத்த ஆறை யாரோ நான்காக்கியிருக்கிறார்கள். அப்படியானால் பழைய கதைதான் நடக்கிறது, தேதியிலும் பழைய ஐந்து இருக்கும் என்று கூட்டிக்கொண்டேன். மேலே போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு.

முதலாளி கூப்பிட்டு விசாரித்தபோது இதைச் சொல்லவில்லை. நீங்களும் உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு தொழிற்சாலையில் சிஸ்டம் போட்டவன் என்று நீ பெருமையாக எழுதியிருந்தாய். தொடங்கி ஒரு வாரம் இருப்பேன், கை குலுக்குவார்கள், பெட்டியைக் கட்டிவிடுவேன். இரண்டாவது மாதம் அங்கே என்ன நடக்கிறது என்று நான் ஒரு இடத்திலும் பார்த்ததில்லை. உன் கடிதம் வந்த பிறகு மனசு கேட்காமல் நான்காவதாகப் போட்ட இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. எல்லா வேலையும் அந்த நோட்டில்தான் நடக்கிறது. மாலையில் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். "நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் சார் சொல்லலை" என்றார் அங்கே பிளானிங் பார்க்கிறவர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்று உனக்கு எழுதியவன் நான். அந்த ஒரு வரியை நினைத்தால் வயிறு எரிகிறது, ஹோட்டல் சாப்பாட்டால் இல்லை.

மாமா எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்த மாதிரிதான். நீ ஒன்று மட்டும் செய். சிஸ்டத்தைத் திறந்து ஷாஃப்டுக்கு மெஷின் ஷாப் எத்தனை நாள் என்று இருக்கிறது பார். பிறகு அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வை.

தம்பி


ஜூலை 17

தம்பிக்கு,

ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். சுகம்தான்.

திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நான்கை அடித்தது நான். உன்னிடம் "சரிபார்த்து ஏற்றினேன்" என்று எழுதினேனே, அது இதுதான். அவர் ஆறு என்று எழுதியதைப் பார்த்ததும், 'எனக்குத் தெரியாதா இவரை, இதிலும் இரண்டு நாள் பதுக்கியிருப்பார்' என்று நினைத்தேன். மற்ற பகுதிகளின் எண்களில் கை வைக்கவில்லை. என் புருஷனுடையதை மட்டும் வெட்டினேன்.

பதினைந்து காலை ஏற்றினார், இருபது மாலை முடித்தார். எத்தனையோ தடவை விரல் விட்டு எண்ணிவிட்டேன். ஆறு நாள். அவர் என்னை நம்பிப் பன்னிரண்டாம் தேதியே ஏற்றியிருந்தாலும் பதினேழாம் தேதிதான் முடிந்திருக்கும். ஐந்தில் இரண்டு என்னுடையது. மீதி மூன்றும், அட்டையில் என் நான்கைப் பார்த்து அவர் தேதியை நம்பாமல் போனதால் வந்ததுதான். நம்பவில்லையே என்று நான் கோபப்பட்டேன், தம்பி. முதலில் நம்பாதவள் நான்.

இரண்டு வாரம் முன்பு முதலாளியிடம் போனேன். படிவத்தையும் அட்டையையும் மேசையில் வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு நான் எதுக்கும்மா கை தட்டினேன்?" என்றார். அந்தக் கட்டத்தைத் திறந்து, 'பிளானிங், நாள் குறைத்து ஏற்றப்பட்டது' என்று மாற்றி அடித்தேன். உன் மாமாவைத் திரும்பக் கூப்பிடுவாரா, என்னைத் தூக்குவாரா, இரண்டுமா, இன்னும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அதுவரை இங்கே எனக்கு இருப்புக் கொள்ளாது.

அன்றைக்கே உன் மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எட்டுப் பக்கம், முழுக்க ஃபேக்டரி. பதினான்கு வருஷத்து ஃபேக்டரி. ஆறை நான்காக்கியதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். பதில் இரண்டே வரி வந்தது. "பதினெட்டாம் தேதி வருகிறேன். பதினெட்டு என்றால் பதினெட்டு."

நாளைக்குத்தான் பதினெட்டு. பழக்கம் விடவில்லை, பதின்மூன்றிலிருந்தே பஸ் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். சில சமயம் இருபத்துமூன்று என்றுதான் அர்த்தமோ என்று பயமாக இருக்கிறது. பிறகு, போதும் இந்தக் கூட்டல் கழித்தல் என்று என்னையே அதட்டிக்கொள்கிறேன்.

நீயும் ஒரு தேதி எழுது. மாதம் வேண்டாம், தேதி.

அக்கா


ஜூலை 18

தம்பிக்கு,

நேற்றைய கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை, இதையும் அதோடு வைக்கிறேன்.

பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். வாசலில் பையை வைத்தார். செருப்பைக் கழற்றுவார் என்று நான் நகர்ந்து வழி விட்டேன். கழற்றவில்லை. செருப்போடு அப்படியே நின்றுகொண்டு, "அந்தக் கிரைண்டிங் மெஷின் இப்ப எப்படி ஓடுது?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன்.

அக்கா